பாட்டுக்குக் காவல்

ரவீந்திரநாத் தாகூர் மறைந்தது 1941 ஆகஸ்ட் 7-ஆம் தேதி. 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின்படி, ஆசிரியன் இறந்த வருஷம் முடிந்து ஐம்பது வருஷங்கள் கழிந்தால் அவன் எழுத்து பொதுச்சொத்து. 1991 டிசம்பர் 31 நள்ளிரவோடு தாகூரின் எழுத்தும் பாட்டும் எல்லோருக்கும் உரியதாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கெடு முடிய நாலு நாள் இருக்கையில், டிசம்பர் 28-இலிருந்து செல்லும்படியாக தில்லியில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. அடுத்த வருஷம் அது நாடாளுமன்றத்திலும் நிறைவேறியது. ஐம்பது அறுபதாயிற்று. விஸ்வபாரதி இன்னும் பத்து வருஷம் காவல் காக்கலாம் என்றாயிற்று.

ஒரு கவிஞருக்காக ஒரு தேசத்தின் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் சட்டத்தில் தாகூர் என்று பெயர் போட முடியாதே. எனவே எல்லா ஆசிரியர்களுக்கும் பத்து வருஷம் கூடிற்று. 1944-இல் இறந்த கு.ப.ரா.வின் கணக்கு 1994-லிருந்து 2004-க்குத் தள்ளிப்போயிற்று. 1948-இல் இறந்த புதுமைப்பித்தனின் கணக்கு 1998-லிருந்து 2008-க்கு. நடுவில் 2002-இல் தமிழக அரசு அவரை நாட்டுடைமையாக்கியதால் அந்தக் கணக்குக்கு வேலையில்லாமல் போனது. பிரமிள் மறைந்தது 1997 ஜனவரியில். சட்டப்படி 2057 டிசம்பர் வரை. பிரமிளோடு சண்டை போட்டவர்கள், பிரமிளை மனப்பாடமாகச் சொல்லித் திரிந்தவர்கள், இரு தரப்பிலுமாகச் சேர்த்து அன்றைக்கு எத்தனை பேர் இருப்போம் என்பது வேறு விஷயம். சாந்திநிகேதனத்தில் ஒரு கதவைச் சாத்தினால் இங்கே திருவல்லிக்கேணியில் காற்று நின்று போகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

நான் எழுத வந்தது ராயல்டி பற்றி அல்ல. எழுத்தாளனுக்கும் அவன் குடும்பத்துக்கும் சேர வேண்டிய பணம் சேர வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. நம் ஊர் சினிமாப் பாட்டுச் சண்டைகள் பெரும்பாலும் கூலிச் சண்டைகள். அவற்றை இங்கே இழுக்கப் போவதில்லை. எல்லாமே இணையத்தில் கிடைக்கிற காலத்தில் காப்புரிமை என்பதே செத்த சமாசாரம் என்று ஒரு சாராரும், கிடைக்கிறது என்பதாலேயே அது முன்னைவிடக் கடுமையாக வேண்டும் என்று மற்றொரு சாராரும் பேசுவதைக் கேட்கிறேன். இரு சாராரும் ஒரு சொல்லைப் பற்றி யோசிக்கவில்லை. ஆங்கிலச் சொல் படியெடுக்கும் உரிமை என்பதோடு நின்றுவிடுகிறது. நாம் காப்புரிமை என்று சொல்லிவிட்டோம். காப்பது என்ற பொறுப்பையும் அதற்குள் ஏற்றிவிட்டோம். காப்பவன் ஒருவன், தடுப்பவன் ஒருவன். இருவரும் ஒரே ஆளா என்பதுதான் கேள்வி. தாகூரின் பாட்டுக்கு வங்காளத்தில் நேர்ந்ததும் பாரதியின் பாட்டுக்கு இங்கே நேர்ந்ததும் அந்தக் கேள்விக்கு இரண்டு வேறு பதில்கள்.

தாகூர் இயற்றிய பாட்டுகள் இரண்டாயிரத்துக்கும் மேல். சொல்லும் மெட்டும் இரண்டும் அவருடையவை. பாடுகிறவர்கள் தம் இஷ்டத்துக்கு இழுத்து வளைப்பது அவருக்குப் பிடிக்காது. இந்த விஷயத்தில் அவரோடு நேருக்கு நேர் வாதாடியவர் திலீப்குமார் ராய். நமக்கும் தெரிந்தவர்தான்: 1928-இலிருந்து பல வருஷங்கள் புதுச்சேரி ஆசிரமத்தில் இருந்தவர், எம்.எஸ். சுப்புலக்ஷ்மிக்கு ஹிந்தி பஜன்கள் கற்பித்தவர். பாடகனுக்கு மனோதர்மம் வேண்டும், ராகத்தை விரிக்கும் சுதந்திரம் வேண்டும் என்பது ராயின் கட்சி. ஹிந்துஸ்தானி உஸ்தாதுக்கு அது சரி, என் பாட்டில் இடைவெளி விட்டு வைக்கவில்லை என்பது தாகூரின் கட்சி. இருவர் பேச்சும் வங்காளியில் அச்சாகியிருக்கிறது. எனக்குத் தாகூர் பக்கம் நியாயம் இருப்பதாகவே படுகிறது. ஒரு கவிதையில் ஒரு சொல்லை மாற்றிப் படித்தால் நாம் சும்மா இருப்போமா?

ஆனால் இதே தாகூர், பங்கஜ் மல்லிக் தம் கவிதை ஒன்றுக்குத் தாமே மெட்டமைத்துக்கொண்டு வந்தபோது கேட்டார், சம்மதித்தார்; 1937-இல் 'முக்தி' படத்தில் அது வந்தது. வங்காளியல்லாத ஸைகல் தம் பாட்டைப் பாடுவதற்கும் இசைந்தார். உயிரோடிருக்கும் ஆசிரியனிடம் போகலாம், பாடிக் காட்டலாம், அவன் முகம் மாறுவதைப் பார்க்கலாம். முதலில் முடியாது என்பான், பிறகு சரி என்பான்.

இன்னொன்று. தாகூர் தாமே எடுத்துக்கொள்வதில் கூச்சப்படாதவர். ஸ்காட்லாந்து நாட்டுப்பாடல் மெட்டுகள் அவர் பாட்டுகளில் அப்படியே இருக்கின்றன. இன்று வங்கதேசத்தின் தேசிய கீதமாக இருக்கும் பாட்டின் மெட்டு, ஷிலைதஹாவில் தபால்காரராயிருந்த ககன் ஹர்காரா என்ற பாவுல் பாடகருடையது. தெற்கிலிருந்து சாந்திநிகேதனத்துக்குப் படிக்கப் போன சாவித்திரி என்ற பெண் பாடிக் கேட்டு, முத்துஸ்வாமி தீட்சிதரின் பூர்விகல்யாணி கிருதியான 'மீனாக்ஷி மேமுதம்' மெட்டில் ஒரு வசந்தப் பாட்டு எழுதினார். தீட்சிதர் வம்சத்தாரிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்கோ அவர்களுக்கோ தோன்றியிருக்கவும் வழியில்லை. தீட்சிதரும் நோட்டு ஸ்வரங்களுக்கு இங்கிலீஷ் பாண்டு மெட்டுகளை எடுத்தவர்தானே. இப்படிக் கை மாறி வந்த ஒன்றைத்தான் பிற்பாடு 'மாற்றக் கூடாதது' என்று எழுதி வைத்தார்கள்.

வங்காளி நூல்களின் உரிமையைத் தாகூர் இருபதுகளிலேயே தாம் நிறுவிய விஸ்வபாரதிக்குக் கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடம் நடக்கப் பணம் வேண்டும். அவரிடம் இருந்தது எழுத்து. அவருக்குப் பின் அங்கே ஸங்கீத ஸமிதி ஒன்று ஏற்பட்டது. ரவீந்திர ஸங்கீதம் இசைத்தட்டாக வர வேண்டுமானால் ஸமிதி கேட்டு ஒப்ப வேண்டும். ஒப்பாவிட்டால் கம்பெனி தட்டை வெளியிடாது. ஸ்வரலிபி 'ஸ்வரபிதான்' என்ற பெயரில் அறுபதுக்கும் மேற்பட்ட பாகங்களாக அச்சாயிற்று. இது சாமான்யமான காரியம் அல்ல. தினேந்திரநாத், இந்திரா தேவி, சைலஜாரஞ்சன் மஜும்தார் போன்றவர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டாக எழுதியிராவிட்டால் பல மெட்டுகள் அவற்றைப் பாடியவர்களோடு போயிருக்கும். ஸமிதியைத் திட்டுகிறவர்கள் முதலில் இதற்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திட்ட வேண்டும்.

இனி தேவவிரத பிஸ்வாஸ்.

1911-இல் பிறந்தவர். அந்த வருஷம் ஐந்தாம் ஜார்ஜ் தில்லி தர்பாருக்கு வந்ததால் வீட்டில் ஜார்ஜ் என்று கூப்பிட்டார்கள். கல்கத்தாவுக்கே கடைசிவரை ஜார்ஜ்-தா. பிரம்ம சமாஜக் குடும்பம். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா வேலை. கம்யூனிஸ்டு. மக்கள் நாடக மன்றமான இப்டாவின் மேடைகளில் பாடியவர். ரவீந்திர ஸங்கீதம் மேல்தட்டு வீடுகளின் கூடத்தில், மூடிய கண்களோடு, மெல்லிய குரலில் பாடப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், அதை மைதானத்தில் நின்று கனத்த குரலில் பாடினார். பாட்டின் சொல்லை அர்த்தம் தெரிந்து பாடினார் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. நம்மில் பலர் அவரைக் கேட்டது ரித்விக் கட்டக்கின் படங்களில்தான், பெயர் தெரியாமலே. 'மேகே டாகா தாரா'வை (1960) ஒரு ஃபிலிம் சொஸைட்டியில், கோடு விழுந்த பிரிண்டில் பார்த்தேன். இரவில், புயலில் கதவுகள் உடைவதைப் பற்றிய அந்தப் பாட்டு முடிகிற இடத்தில் சவுக்கடிச் சத்தம் கேட்கும். வங்காளி தெரியாத எனக்கும் அந்த ஆண் குரல் சொல்வது புரிந்தது. அடுத்த வருஷத்து 'கோமல் காந்தார்'-இல் ஆகாயம் நிறைந்த சூரியனையும் நட்சத்திரங்களையும் பாடுவதும் அதே குரல்.

அந்தக் குரலைத்தான் ஸமிதி மறுத்தது. 1964 வாக்கில் தொடங்கிற்று, அறுபதுகளின் இறுதியில் முற்றிற்று. வாத்தியங்கள் அதிகம், முன்னிசையும் இடையிசையும் பாட்டின் பாவத்தைக் கெடுக்கின்றன, ஸ்வரலிபியோடு ஒட்டவில்லை. இப்படியாகக் குறிப்புகள். அவர் பதில் எழுதினார். அவர்கள் பதிலுக்கு எழுதினார்கள். திருத்திப் பாடி அனுப்பியிருந்தால் தட்டு வெளிவந்திருக்கும். பலர் அப்படித்தான் செய்தார்கள். அவர் 1971 வாக்கில் ரவீந்திர ஸங்கீதத்தை இசைத்தட்டுக்குப் பாடுவதை நிறுத்திக்கொண்டார். எழுபதுகளின் இறுதியில் இந்தக் கடிதங்களையெல்லாம் சேர்த்துத் தன் கதையை எழுதினார்: 'பிராத்யஜனேர் ருத்தஸங்கீத்'. விலக்கப்பட்டவனின் அடைபட்ட ஸங்கீதம் என்று சொல்லலாம். விராத்தியன், மந்திரமற்றவன் என்று தாகூர் கடைசிக் காலத்தில் தம்மைப் பற்றியே ஒரு கவிதையில் சொல்லிக்கொண்டார். அந்தச் சொல்லையே தலைப்புக்கு எடுத்துக்கொண்டார் பிஸ்வாஸ். 1980 ஆகஸ்டில் இறந்தார்.

இங்கே பணம் எங்கே இருக்கிறது? தட்டு விற்றால் விஸ்வபாரதிக்கும் ராயல்டி உண்டு. பிஸ்வாஸின் தட்டுகள் நன்றாக விற்றவை. ஆக, ஸமிதி தன் வருமானத்துக்கு எதிராகவே செயல்பட்டது. காசுக்காகத் தடுத்தார்கள் என்றால் எனக்கு அவர்களைப் புரிந்துகொள்வது சுலபம். அவர்கள் பக்தியினால் தடுத்தார்கள். பக்தி கையில் சட்டமும் இருந்தது. நோபல் பதக்கத்தை 2004-இல் சாந்திநிகேதனத்து அருங்காட்சியகத்திலிருந்தே களவு கொடுத்தார்கள் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இப்போது பாரதி. தாகூரின் கதைகளைத் தமிழில் பெயர்த்தவர். அவருடைய பாட்டும் சில காலம் பூட்டில்தான் இருந்தது. அச்சுரிமை ஒரு கையில், ஒலிப்பதிவு உரிமை விலைக்கு விலை மாறி ஏவி. மெய்யப்பன் கையில். 1947-இல் 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி ஊர் ஊராய் ஒலித்தது அந்த உரிமையின் பேரில்தான். மறு வருஷம் டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்ததும் தகராறு வந்தது. எழுத்தாளர்கள் கிளம்பினார்கள். 1949-இல் சென்னை அரசு உரிமையை வாங்கிற்று. மெய்யப்பன் விலை வாங்காமலே தம் பங்கைக் கொடுத்தார். பிற்பாடு அரசு தானும் வைத்துக்கொள்ளாமல் பொதுமக்களுக்கு விட்டது. ஒரு அரசாங்கம் ஒரு கவிஞனை விலைக்கு வாங்கி அவிழ்த்து விட்டது உலகத்திலேயே முதல் தடவை என்று சொல்லிக்கொள்கிறோம், இருக்கலாம்.

அப்புறம் என்ன நடந்தது? 1961-இல் 'கப்பலோட்டிய தமிழ'னுக்கு ஜி. ராமநாதன் மெட்டமைத்தார். 1982-இல் 'ஏழாவது மனித'னுக்கு எல். வைத்தியநாதன் வேறு விதமாக மெட்டமைத்தார். 2000-இல் 'பாரதி' படத்துக்கு இளையராஜா. எம்.பி. ஸ்ரீநிவாஸனின் சேர்ந்திசையில் வேறொரு பாரதி. யாரும் யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை. எல். வைத்தியநாதனின் பாட்டுகளை ஸமிதி ஒன்று கேட்டு ஒப்ப வேண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் பாரதியும் தம் பாட்டுகளுக்கு ராகமும் தாளமும் குறித்தவர். தாமே பாடியவர், பிறருக்குப் பாடிக் காட்டியவர். அவர் பாடிய மெட்டு எது என்று கேட்டால் நம்மிடம் விடை மிகக் கொஞ்சம். கேட்டவர்கள் நாற்பது, ஐம்பது வருஷங்கள் இருந்தார்கள். ஓர் இந்திரா தேவி நமக்கு இல்லை. அறுபது பாகம் வேண்டாம், ஆறு பாகம் ஸ்வரம் எழுதி வைக்க ஓர் ஸ்தாபனம் இல்லை. எழுத்துக்கூடக் காலவரிசையில் ஒழுங்காக வருவதற்குச் சீனி. விசுவநாதன் என்ற தனி மனிதர் தன் ஆயுளைக் கொடுக்க வேண்டியிருந்தது. அவிழ்த்து விட்டதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம். வங்காளத்தில் காத்தவர்கள் தடுத்தார்கள். இங்கே தடுக்கிறவர்களை ஒழித்தபோது காப்பவர்களையும் தேடிக்கொள்ளவில்லை. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கி, தொண்டர்கள் கையால் தட்டச்சு செய்து பாரதியை இணையத்தில் ஏற்றியது நமக்குக் கிடைத்த பெரும்பேறு. அதிலிருந்து நகல், நகலிலிருந்து நகல் என்று இன்று ஆயிரம் இடங்களில் பாரதி. பாதி இடங்களில் சீர் பிரிப்பு போய்விட்டது, சில இடங்களில் பாரதி எழுதாததெல்லாம் பாரதி பெயரில் உலவுகிறது. யாரைக் கேட்பது?

தாகூருக்கு வருவோம். 2001 டிசம்பரில் மறுபடி கெடு வந்தது. மறுபடி நீட்டிக்க வேண்டும் என்று சாந்திநிகேதனத்திலிருந்து குரல் எழுந்தது. இம்முறை தில்லி இசையவில்லை. 2002 ஜனவரி 1-லிருந்து தாகூர் எல்லோருக்கும் ஆனார். வங்காளம் அழிந்துவிடவில்லை. கல்கத்தாவில் பதிப்பகங்கள் போட்டி போட்டு அச்சிட்டன. சினிமாவில் கிதாரும் டிரம்ஸுமாகப் பாட்டு வந்தது, முணுமுணுப்பும் வந்தது. முக்கியமான காரியம் என்று நான் கருதுவது வேறு. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் சுகாந்த சௌதுரியும் அவர் குழுவும் 2013-இல் 'பிசித்ரா' என்ற இணையத் தொகுப்பை வெளியிட்டார்கள். தாகூரின் கையெழுத்துப் பிரதிகள், பத்திரிகைப் பிரசுரங்கள், பதிப்புகள் என்று ஏறக்குறைய 1,40,000 பக்கங்கள். ஒரு கவிதையை எடுத்தால் அடித்தல் திருத்தலோடு எல்லாப் பாடங்களையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடலாம். எவனும் பார்க்கலாம், காசில்லை. அந்தப் பிரதிகளில் அடித்த வரிகளையே கோடு இழுத்துப் பறவையாகவும் மிருகமாகவும் ஆக்கியிருப்பார் தாகூர். மாற்றக் கூடாதது என்று ஸமிதி சொல்லிக்கொண்டிருந்த வாசகத்தை அதன் ஆசிரியன் எத்தனை தடவை மாற்றினான் என்பது உரிமை காலாவதியான பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. காப்பது என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்கு யாரையும் தடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. சட்டத்தில் இன்னொரு ஜன்னல் உண்டு. தன் படைப்பு தனக்கு இழிவு வரும்படி சிதைக்கப்பட்டால் ஆசிரியன் தடுக்கலாம் என்கிறது 57-ஆம் பிரிவு. நல்ல பிரிவுதான். முன்பு இந்த உரிமையும் காப்புரிமைக் காலத்துக்குள் நடந்த சிதைவுகளுக்குத்தான். பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் வெற்றி என்று கொண்டாடிய 2012-ஆம் வருஷத் திருத்தத்தில், அந்தக் கால எல்லையைச் சொல்லும் வார்த்தைகளை எடுத்துவிட்டார்கள். ஆசிரியனின் சட்டபூர்வ வாரிசுகளும் இதைப் பிரயோகிக்கலாம். ஆக, பணத்துக்குக் கெடு உண்டு, மானத்துக்குக் கெடு இல்லை. யார் மானம், யார் அளப்பது என்பதை நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும். இன்னும் நூறு வருஷம் கழித்தும் ஒரு கொள்ளுப்பேரன் வந்து ஒரு ஜார்ஜ் பிஸ்வாஸிடம் வாத்தியம் அதிகம் என்று சொல்ல அதில் இடம் இருக்கிறது என்பது என் பயம்.

2023 நவம்பரில் 'பிப்பா' என்ற ஹிந்திப் படம். இசை ஏ.ஆர். ரஹ்மான். சித்தரஞ்சன் தாஸ் சிறையிலிருந்தபோது அவர் பத்திரிகைக்காக நஸ்ருல் இஸ்லாம் எழுதிய, சிறையின் இரும்புக் கதவை உடைக்கச் சொல்லும் பாட்டுக்கு ரஹ்மான் புது மெட்டுப் போட்டிருந்தார். கிரின் சக்ரவர்த்தி 1949-இல் பதிவு செய்த மெட்டுத்தான் வங்காளிகள் காதில் இருப்பது. 1970-இல் ஜஹீர் ரைஹானின் படத்தில் அது ஒலித்து மறு வருஷத்து விடுதலைப் போரோடு சேர்ந்துவிட்டது. நஸ்ருல் இறந்தது 1976-இல். உரிமை 2036 முடியும்வரை உண்டு. குடும்பத்தார் ஒப்பந்தம் போட்டுத்தான் கொடுத்திருந்தார்கள். பாட்டைக் கொடுத்தோம், மெட்டை மாற்றச் சம்மதிக்கவில்லை என்றார்கள். டாக்காவும் கல்கத்தாவும் இணையத்தில் கொதித்தன. தயாரிப்பாளர்கள் ஒப்பந்தப்படிதான் செய்தோம் என்று சொல்லி, மனம் புண்பட்டிருந்தால் மன்னிக்கவும் என்றார்கள்.

எனக்கு ரஹ்மானின் மெட்டு பிடிக்கவில்லை. கதவை உடைக்கிற பாட்டு கிராமத்துத் திருவிழாப் பாட்டாக ஆகியிருக்கிறது. அதை விமர்சனமாக எழுதலாம், எழுத வேண்டும். ஆனால் அந்த நாட்களில் எழுந்த குரல் 'மோசம்' என்பதல்ல, 'நீக்கு' என்பது. மோசமாகப் பாட ஒருவனுக்கு இடமில்லாத ஊரில் ஜார்ஜ் பிஸ்வாஸுக்கும் இடமிருக்காது. அவர் பாடியதையும் அன்று தகுதியுள்ளவர்கள் மோசம் என்றுதான் சொன்னார்கள். 2020 மார்ச்சில் கல்கத்தா ரவீந்திர பாரதி பல்கலைக்கழகத்து வசந்த விழாவில் சிலர், யூடியூபில் பரவிய வசைச்சொல் கலந்த தாகூர் பகடிப் பாட்டின் வரியை முதுகில் எழுதிக்கொண்டு நின்றார்கள். துணைவேந்தர் ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் அளவுக்கு அது போயிற்று. காப்புரிமை முடிந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது.

கூட்டம் ஒரு காவல் என்றால், யந்திரம் இன்னொரு காவல். யூடியூப் 2007-இலிருந்து வைத்திருக்கும் ஏற்பாட்டில், ஏற்றப்படும் ஒவ்வொரு ஒலியையும் கம்பெனிகள் கொடுத்துவைத்த ஒலிகளோடு யந்திரம் ஒப்பிடுகிறது. ஒத்துப்போனால் கம்பெனி அதை மறைக்கலாம், அல்லது விளம்பரக் காசைத் தான் எடுத்துக்கொள்ளலாம். மற்ற இடங்களிலும் இதே மாதிரி ஏற்பாடுகள். 2018-இல் ஜேம்ஸ் ரோட்ஸ் என்ற பியானோக்காரர் தாம் வாசித்த பாஹ் இசையை ஃபேஸ்புக்கில் ஏற்றினார். அதில் 47 வினாடி தங்களுடையது என்று ஸோனி கம்பெனியின் பெயரில் தடை வந்தது. பாஹ் இறந்தது 1750-இல். ரோட்ஸ் உலகறிந்தவர், கூச்சல் போட்டார், தடை விலகிற்று. யந்திரத்துக்கு ரசனை கிடையாது, பக்தியும் கிடையாது. ஸமிதிக்காவது பிஸ்வாஸ் கடிதம் எழுத முடிந்தது, அவர்கள் பதில் போட்டார்கள், அந்தக் கடிதங்கள் ஒரு புஸ்தகமாயின.

பிஸ்வாஸ் பாடிய பாட்டு 2002-லிருந்து எல்லோருடையது. அவர் பாடிய தட்டு அப்படி அல்ல. ஒலிப்பதிவுக்குச் சட்டத்தில் தனிக் கணக்கு: வெளியான வருஷம் முடிந்து அறுபது. ஸமிதி ஒப்பி 1961-இல் வெளிவந்த ஒரு தட்டு 2022-இல் விடுதலையாகிவிட்டது. அவர் தட்டுக்குப் பாடுவதை நிறுத்தும் தறுவாயில், 1970-இல் வெளிவந்தது என்றால் 2030 டிசம்பர் முடிய வேண்டும்.